தாத்தா பார்க்கும் பொம்மைப் படம்



நம் இதழில் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை, பாக்கி வசூல் என்றுதான் கட்டுரைகள் வரும். நாமும் முன்பு பருப்பு விலையின் ஏற்ற இறக்கம் பற்றியும், வெல்லம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றியும் எழுதியிருக்கிறோம். இந்த முறை எழுத வந்தது வேறு ஒரு சங்கதி. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஏற்கெனவே நம் காது கேட்கச் சிரித்தவர்கள் பலர் உண்டு.

நமக்கு வயது அறுபத்தாறு. தாராசுரத்தில் மளிகை மொத்த வியாபாரம், தகப்பனார் வைத்த கடை. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாம். இரவு கடை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்தால் நாம் பார்ப்பது செய்தி அல்ல, பட்டிமன்றம் அல்ல, மெகா தொடரும் அல்ல. சிறுவர் சேனல்தான். வீட்டுப் பெரியவர்கள் வைத்த பெயரில் சொன்னால் பொம்மைப் படம்.

பேரனுக்குத் துணையாக உட்கார்ந்து பார்ப்பதாக நினைத்துவிடாதீர்கள். பேரன் வீட்டில் இல்லாத நாளிலும் பார்ப்போம். இதைச் சொல்ல நமக்குப் பல வருடங்கள் ஆயிற்று. ஏன் அத்தனை வருடங்கள் ஆயின, அதனால் என்ன நஷ்டம் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அம்புலிமாமாவில் தொடங்கிய பழக்கம்

நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. 1947 ஜூலையில் நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, நாம் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் வீடு வீடாகக் கை மாறிக்கொண்டிருந்தது. முதுகில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை யார் மறக்க முடியும்? அதை வரைந்த சங்கர் அவர்கள் 2020-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். அந்தப் புத்தகம் சிறுவர் பத்திரிகை என்றுதான் பெயர். ஆனால் நம் கடையில் அதை முதலில் படித்தது தகப்பனார். அடுத்தது கணக்குப்பிள்ளை. அதற்கும் பிறகுதான் நம் கைக்கு வரும். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

1972-ல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்து படித்தோம். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தபோது நமக்குத் திருமணமே ஆகிவிட்டது. அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் அவற்றைப் படித்தவர்கள் இன்று தலை நரைத்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். இன்றும் புத்தகக் கண்காட்சியில் நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்துக் கனமான தொகுப்புகளாக வாங்கிப் போகிறார்கள். சிவகாசிக்காரர்கள் அந்த வியாபாரத்தை இத்தனை காலம் நடத்த முடிந்ததே, வளர்ந்த பிறகும் விடாமல் வாங்கும் வாடிக்கையாளர்களால்தான்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. நாகப்பட்டினத்தில் நம் அக்காள் வீட்டில் மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா கட்டி, இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிப்பார்கள். மொழி புரியாது. படமும் பாதி நேரம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனாலும் பூனை எலியைத் துரத்தினால் மொழி எதற்கு? 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் மௌக்லியின் கதை வந்தபோது இந்தியும் புரியாது. அதுவும் தடையாக இல்லை. 1997-ல் சக்திமான் வந்தது. அந்தத் தொடருக்கு விளம்பரதாரராக இருந்த பார்லே-ஜி பிஸ்கட்டை நாம் பெட்டி பெட்டியாக விற்றது தனிக் கதை.

1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து, சில வருடங்களில் தமிழும் பேச ஆரம்பித்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. முழுக்க முழுக்கத் தமிழில், சிறுவர்களுக்கென்றே ஒரு சேனல். நமக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்காதவர்கள் இல்லை. வியாபாரிக்கு வியாபாரி பாஷையிலேயே பதில் சொல்கிறோம்.

ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா என்பவரின் கிரீன் கோல்டு நிறுவனம் தயாரித்து, 2008-ல் போகோ சேனலில் வந்தது சோட்டா பீம். அதில் டுன்டுன் என்ற அம்மாள் லட்டுக் கடை வைத்திருக்கிறார். பீம் லட்டு தின்றால்தான் பலம் பெறுவான். ஆகவே அந்த அம்மாளின் கடை லட்டு அடிக்கடி மாயமாகும். அவருடைய மகள் சுட்கியே எடுத்துக் கொடுப்பதும் உண்டு. கடைக்காரர் வீட்டுப் பிள்ளையே சரக்கை எடுத்து நண்பனுக்குக் கொடுத்தால் கணக்கு எப்படி நேராகும்? நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

2012-ல் நிக் சேனலில் வந்தது மோட்டு பட்லு. லோட்பாட் என்ற பழைய இந்திச் சிறுவர் பத்திரிகையிலிருந்து வந்த பாத்திரங்கள். மோட்டுவுக்கு வயிறு காலியாக இருந்தால் மூளை வேலை செய்யாது. சமோசா உள்ளே போக வேண்டும். டீக்கடைக்காரரிடம் அவன் சமோசாவை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, காசு கொடுத்து வாங்கியதாக நமக்கு நினைவில்லை. அந்தக் கடைக்காரரோ மறுநாள் மறுபடியும் சமோசா போடுகிறார். பாக்கி வைத்தவனையே மறுநாளும் வாடிக்கையாளனாக நடத்த வேண்டிய நிலை நமக்குத் தெரியாததா? சிரித்துக்கொண்டேதான் பார்ப்போம், ஆனால் அந்த டீக்கடைக்காரர் பக்கம்தான் நம் மனம் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நமக்குப் பிடித்தது சுட்டி டிவியில் தமிழ் பேசி வந்த ஜாக்கி சான் தொடர். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை வந்த படம். அதில் ஜாக்கியின் குடும்பப் பெரியவர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். முன்கோபம், சிடுசிடுப்பு. எதையும் ஒரே தடவையில் சொல்லி முடிக்க மாட்டார்; 'இன்னொரு விஷயம்' என்று திரும்பி வருவார். சண்டை வந்தால் கடைச் சாமான்கள் உடைந்து சிதறும். ஆனாலும் பூதம் வந்தாலும் பிசாசு வந்தாலும் கடைசியில் மந்திரம் போட்டு ஊரைக் காப்பது அந்தக் கிழக் கடைக்காரர்தான்.

வணிக நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். நம் சினிமாவில் கடைக்காரர் என்றால் பெரும்பாலும் கலப்படம் செய்பவர், பதுக்குபவர், வட்டிக்கு விடுபவர். மெகா தொடரில் அறுபது வயதுக்காரர் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர். வயதான கடைக்காரர் ஒருவர் கதாநாயகனுக்குச் சமமாக நிற்பதை நாம் பார்த்தது சிறுவர் சேனலில்தான்.

நம் கடைக்கு லைன் வேன் ஓட்டி வரும் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். ஒரு நாள் சிட்டை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, இன்னொரு விஷயம்" என்றோம், பழைய பாக்கி ஒன்று நினைவுக்கு வந்ததால். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். "முதலாளி, நீங்களும் ஜாக்கி சான் பார்ப்பீங்களா?" என்றார். பன்னிரண்டு வயதில் சுட்டி டிவியில் பார்த்தாராம். இன்றைக்கும் இரவு சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் செல்பேசியில் பார்க்கிறாராம். "வெளியில சொல்லிடாதீங்க முதலாளி, பசங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்று கேட்டுக்கொண்டார். நம்மைப் போல் ஒளிந்து பார்ப்பவர் இன்னொருவரும் இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

நாம் ஒளித்த விதம்

ஆம், ஒளிந்துதான் பார்த்தோம். நம் மகன் நேராகச் சொல்ல மாட்டான். "அப்பா, வாலியூமைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, பக்கத்து வீட்ல கேக்கும்" என்பான். எது கேட்கும் என்று சொல்ல மாட்டான். மருமகள் நல்ல பெண், ஆனால் அவள் வீட்டார் வந்தால், "மாமா, நியூஸ் வைக்கட்டுமா?" என்று ரிமோட்டை எடுப்பாள். ஒரு நாள் மார்க்கெட்டில் விஷயம் வெளியே வந்து, "அண்ணனுக்கு ரெண்டாவது பால்யம் வந்துடுச்சு" என்று ஒருவர் சொல்ல, மண்டியே சிரித்தது.

ஒரு வியாபாரிக்குப் பெயர்தான் மூலதனம் என்று நம் தகப்பனார் சொல்வார். பத்து லட்சம் சரக்கை ஒரு வாய்ச்சொல்லை நம்பி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவன் மாலையில் பொம்மைப் படம் பார்க்கிறான் என்றால் அந்த வாய்ச்சொல்லுக்கு எடை குறைந்துவிடுமோ என்ற பயம் நமக்கு இருந்தது. ஆகவே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சேனலை மாற்றிவிடுவோம். கட்டைவிரல் எப்போதும் ரிமோட்டின் மேலேயே இருக்கும். சரக்கு விலையைக் கூட அத்தனை விழிப்பாகக் கவனித்ததில்லை.

2018-ல், மே 5 வணிகர் தின மாநாட்டுக்குப் பேருந்து ஏற்பாடு பற்றிப் பேச நம் சங்கத்து நண்பர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது, மாற்றிவிட்டோம். செய்தியில் யாரோ கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பேரன் வாசலிலிருந்து ஓடி வந்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

"தாத்தா, ஏன் மாத்திட்டீங்க?" என்றான்.

வந்தவர்கள் நம்மைப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை, பேரன் ஒரே பிடிவாதம். அவனுக்காகத்தான் பொம்மைப் படம் போட்டு வைத்திருந்தோம்" என்று சொன்னோம்.

"நான் வெளிய விளையாடிட்டு இருந்தேன். தாத்தாதான் பார்த்தாங்க" என்றான் குழந்தை.

நண்பர்கள் சிரித்தார்கள்; பேருந்து விஷயம் பேசினார்கள்; காபி குடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் மறந்தும் போனார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு பேரன் கேட்டதை நாம் மறக்கவில்லை. "அது பார்த்தா தப்பா தாத்தா?" என்று கேட்டான். "தப்பில்லைடா, போய் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டோம். தப்பில்லை என்றால் ஏன் மாற்றினோம் என்று அவன் அடுத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இல்லை.

பட்டியல் நம் பெயருக்கே வந்தது

போன வருடம் அவன் ஆறாம் வகுப்புக்குப் போனான். ஒரு மாலை இருவரும் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். அவனுடைய வகுப்புத் தோழன். நம் கையிலிருந்த ரிமோட்டைப் பேரன் வெடுக்கென்று பிடுங்கினான், கிரிக்கெட்டுக்கு மாற்றினான். தோழன் அதற்குள் பார்த்துவிட்டான். "டேய், நீ இன்னும் இதெல்லாம் பாக்கிறியா?" என்றான்.

"இல்லடா, தாத்தாதான் பார்ப்பாங்க. அவங்களுக்காகத்தான் போட்டேன்" என்றான் நம் பேரன்.

ஆறு வருடங்களுக்கு முன் நாம் அனுப்பிய சரக்கு, அதே பட்டியலோடு நம் பெயருக்கே திரும்பி வந்தது. அவனைக் கோபித்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? சொல்லிக் கொடுத்ததே நாம்தானே. அதன் பிறகு அவன் மாலையில் கூடத்துக்கு வருவது நின்றது. பாடம் இருக்கிறது என்பான். பதினொரு வயதில் குழந்தைகளின் விருப்பம் மாறுவது இயல்புதான். விருப்பம் மாறி விலகியிருந்தால் நமக்கு வருத்தமில்லை. அவன் வெட்கப்பட்டல்லவா விலகினான்.

சாப்பாட்டுத் தட்டு முன் உட்கார்ந்து யோசித்தோம். ஐம்பது வருட வியாபாரத்தில் எடையில் ஒரு கிராம் குறைத்ததில்லை. வாங்கிய கடனுக்குத் தவணை தவறியதில்லை. வீட்டுக் கூடத்தில், யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு விஷயத்துக்குப் பொய் சொன்னோம். அதுவும் ஐந்து வயதுக் குழந்தையின் பெயரில் பற்று எழுதினோம்.

ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு மாலை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பேரனைக் கூட்டிக்கொண்டு நம் ஊர்க் கோயிலுக்குப் போனோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளிநாட்டார் எல்லாம் வந்து பார்க்கிறார்கள். பக்கத்திலேயே கடை வைத்திருக்கும் நாம் பிரதோஷத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. பேரன் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும் அதையே செய்துகொண்டிருந்தார். எண்ணூறு வருடங்களுக்கு மேலாக அந்தக் கல் எல்லா வயதினரையும் ஒரே மாதிரி விளையாட்டுக்கு இழுக்கிறது. அரசன் கட்டிய கோயிலில் ஒரு சிற்பி இதை எந்த வயதுக்காரருக்காகச் செய்தான்?

மூலக் கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. குனிந்துதான் பார்க்க வேண்டும். சேக்கிழார் பெரிய புராணம் பாடி அதிக காலம் ஆகாத போது செதுக்கியவை. பெயர்களும் கல்லிலேயே பொறித்திருக்கின்றன. படமும் எழுத்துமாக, ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் கதை. "தாத்தா, இது காமிக்ஸ் மாதிரி இருக்கு" என்றான் பேரன்.

அவனுக்கு அமர்நீதியாரின் கதையைச் சொன்னோம். நம் பக்கத்துப் பழையாறையில் பிறந்த வணிகர். துணியும் பொன்னும் விற்றவர். அடியார் ஒருவர் ஒரு கோவணத்தைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்டபோது அது காணவில்லை. மாற்றாக ஈடு வைக்கத் தராசில் வைத்தால், அடியாரின் மற்றொரு கோவணம் இருந்த தட்டே தாழ்ந்து நின்றது. கடையிலிருந்த துணி, பொன் எல்லாம் வைத்தும் தட்டு ஏறவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் மகனும் தட்டில் ஏறினார்கள், தராசு நேராயிற்று.

"அந்தப் பையனும் ஏறினானா?" என்று கேட்டான். ஏறினான் என்றோம். அப்படியே கோயில் புல்வெளியில் உட்கார்ந்து, 2018-ல் நாம் சொன்ன பொய்யையும் அவனிடம் சொன்னோம். அவனுக்கு நினைவே இல்லை. "அதுக்கா தாத்தா?" என்றான். ஆனால் தன் தோழனிடம் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

'சிறுவர்களுக்கு மட்டும்' என்று எழுதியது யார்?

பூனையும் எலியுமாக வரும் டாம் அண்டு ஜெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர் 1940-ல் தொடங்கியது. திரையரங்கில் பெரிய படத்துக்கு முன்னால், குடும்பத்தோடு வந்த எல்லோருக்கும் காட்டியது. ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. தொலைக்காட்சி வந்து, குழந்தைகள் வீட்டிலிருக்கும் நேரத்தில் போட ஆரம்பித்த பிறகுதான் அது குழந்தைகள் படம் ஆயிற்று. சரக்கு அதேதான், மூட்டையின் மேல் குறி மட்டும் மாறியது.

அமெரிக்காவில் 1969-ல் செசமி ஸ்ட்ரீட் என்ற பாலர் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள், பெரியவர்களும் கூட உட்கார வேண்டும் என்று அவர்களுக்கான நகைச்சுவையையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள். அருகில் பெரியவர் இருந்து பேசிக்கொண்டே பார்த்தால் குழந்தை அதிகம் கற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஜப்பானில் அதே 1969-ல் தொடங்கிய சசாயே-சான் என்ற குடும்பக் கதைப் பொம்மைப் படம் இன்றும் ஞாயிறு மாலையில் வருகிறது. தாத்தா முதல் பேரன் வரை பார்க்கிறார்கள்.

கேலியும் எல்லா ஊரிலும் உண்டு. 2010-ல் சிறு பெண் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் வந்த மை லிட்டில் போனி என்ற குதிரைக்குட்டிக் கதையை வளர்ந்த ஆண்கள் பலர் விரும்பிப் பார்த்தார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் ஒளியவில்லை, தங்களுக்கு 'ப்ரோனி' என்று ஒரு பெயரே வைத்துக்கொண்டு 2011 முதல் 2019 வரை மாநாடு கூட நடத்தினார்கள். மாநாடு நமக்கு வேண்டாம். மே 5 ஒன்றே போதும். ஒளியாமல் இருந்தாலே பெரிய காரியம்.

சரக்கில் சொத்தையும் உண்டு

பொம்மைப் படமெல்லாம் நல்ல படம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே கதையைப் பெயர் மாற்றிப் போடுவதும், காது கிழியக் கத்துவதும் நிறைய. இடையில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால், குழந்தையைக் கடைக்கு அனுப்பவே படம் எடுக்கிறார்களோ என்று தோன்றும். அது நமக்கு லாபம்தானே என்பீர்கள். உண்மைதான். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாஸோ என்ற வட்டச் சில்லு வைத்து விற்ற காலத்தில், எந்தச் சில்லில் எந்தப் பொம்மை இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று தெரிந்ததால் நாம் சரக்கு தேங்காமல் விற்றோம். சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் வந்து, "அண்ணே, இப்போ எது ஓடுது?" என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்ல மாட்டோம். சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் யார் படம் இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிவது நல்லதே. ஆனால் நாம் பார்ப்பது வியாபாரத்துக்காக என்று சொன்னால் அதுவும் பழைய பொய்யின் தம்பிதான். நமக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பார்க்கிறோம்.

காலையில் மார்க்கெட் நிலவரம், பகலில் வசூல், மாலையில் ஜி.எஸ்.டி. கணக்கு என்று அலைந்த மூளைக்கு அந்த ஒரு மணி நேரம் இறக்கி வைத்த சுமை. சிலருக்கு அது சீட்டாட்டம். சிலருக்கு அரசியல் பேச்சு. சிலருக்குச் சொல்ல முடியாத இடம். நம்முடையதில் யார் வீட்டு நகையும் அடகுக்குப் போவதில்லை.

இந்த வருடம்

இந்த வருடமும் மே 5-க்கு முன் நண்பர்கள் வந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. கட்டைவிரல் பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போயிற்று. எடுத்துவிட்டு, "வாங்க, உட்காருங்க. இது முடிய அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றோம். ஒருவர் சிரித்தார். ஒருவர் செல்பேசியைப் பார்த்தார். நம் சங்கப் பொருளாளர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பீம் லட்டுகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த லட்டுக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறது?" என்று கேட்டார்.

"யாரும் கொடுப்பதில்லை" என்றோம்.

"அப்போ அந்தம்மா கடை எப்படி நடக்குது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பேருந்து பற்றிப் பேச ஆரம்பிக்கக் கால் மணி நேரம் தாமதமாயிற்று.

பேரன் முன்போல் தினமும் நம்மோடு உட்காருவதில்லை. அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது, கிரிக்கெட்டில்தான் கவனம். அன்று கூடத்தின் மூலையில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். பொருளாளர் லட்டுக் கணக்கு கேட்டபோது புத்தகத்துக்குப் பின்னால் அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தோம். நாம் கூப்பிடவில்லை. அவனுக்கு வேண்டும்போது வருவான்.

லைன் வேன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. நம் பெயர் வெளியே வந்தாயிற்று; கடை வழக்கம்போல் நடக்கிறது; யாரும் கொள்முதலை நிறுத்தவில்லை. இன்னொரு விஷயம்: அந்தப் பழைய பாக்கிச் சிட்டையை அடுத்த வாரம் வரும்போது கொண்டுவரவும்.